அளந்ததும் தின்றதும்

ஹங்காய் தோகுசோ யாரையும் நம்பாதவர் என்பது சவாமதா மலையூரில் எல்லாருக்கும் தெரியும். வானிலை சொல்கிறவனை நம்பமாட்டார். பல் வைத்தியரை நம்பமாட்டார். கடற்கரையில் அணு உலை வெடித்த வருஷம், மேலிடத்திலிருந்து சட்டை கசங்காமல் வந்து, பயப்பட ஒன்றுமில்லை, இங்கேயே இருக்கலாம் என்று பேசினார்களே, அவர்களை நம்பியதோடு சரி. அதற்கப்புறம் கோட்டுப் போட்டவன் வெயில் அடிக்கிறது என்று சொன்னால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். அப்பேர்ப்பட்ட கிழவர் ஒரு தட்டை நீட்டி, "அளந்தாச்சு, ஒண்ணும் இல்ல, சாப்பிடு" என்றால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? மிசுஹோ அதனால்தான் சாப்பிட்டாள்.

மிசுஹோ பக்கத்து வீட்டுக் கிஞ்சியின் மகள். செந்தாய் நகரத்தில் வேலை, புருஷன், வீடு. இப்போது ஏழு மாசம். வெடிப்புக்குப் பின் தாமதமாகக் காலி செய்யவைத்த ஊருக்குத் திரும்பலாம் என்று உத்தரவு வந்தபிறகு கிழடுகள் மட்டும் திரும்பின. அவள் எப்போதாவது காலையில் வந்து சாயங்காலம் போய்விடுவாள். வரும்போது குடிதண்ணீர் அவளுடையது, சோற்று டப்பா அவளுடையது. அப்பன் தோட்டத்துக் கீரையைத் தொடமாட்டாள். கிஞ்சி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததுதான் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்.

இந்த மே மாசம் ஒரு வாரம் தங்குவதாக வந்திருந்தாள். மலையில் கோஷியாபுரா மரம் துளிர்க்கிற வாரம் அது. விரல் நீளத் தளிர். மாவில் தோய்த்துப் பொரித்தால் அந்த வாசனைக்காகவே குளிர்காலத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டலாம். முதல் பறிப்பு சொந்த வாய்க்குப் போகாது, அக்கம்பக்கத்துக்குத்தான் போகும். வந்த தட்டை வேண்டாம் என்பது முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். வெடிப்புக்கப்புறம் அந்த மரியாதையோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது. தட்டை நீட்டும்போது, கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்த்தாயிற்று என்ற பொருளில், "அளந்தாச்சு" என்று ஒரு வார்த்தை. அது சொன்னால்தான் தட்டு முழுத்தட்டு.

"பெரியப்பா, நிஜமாவே அளந்தீங்களா?" என்று மிசுஹோ கேட்டாள்.

"நானே கொண்டுபோனேன். நானே நறுக்கினேன். சீட்டுல 'தென்படவில்லை'ன்னு வந்துச்சு. இந்தக் கண்ணால பாத்தேன்."

"உங்க கண்ணையாவது நம்புவீங்களா?"

"கண்ணாடி போட்டா நம்புவேன்."

அவள் சிரித்தாள். ஒன்றை எடுத்து உப்பில் தொட்டுக் கடித்தாள். அப்புறம் இன்னொன்று. ஏழெட்டு தின்றிருப்பாள். கிஞ்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வெளியே ஏதோ இருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை தோகுசோ மிச்சத் தளிரை எடுத்துக்கொண்டு ஊர்ப் பொதுக்கூடத்துக்குப் போனார். சப்போரோவில் இருக்கிற மகனுக்கு அனுப்ப வேண்டும். அன்றைய தேதியிட்ட சீட்டு வைக்காமல் அனுப்பினால் மருமகள் பார்சலைப் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுவாள்; முன்பு போட்டிருக்கிறாள்.

பொதுக்கூடத்தின் பின்னறைதான் அளவுக்கூடம். கீழூர் மெகுரோ சினாமி அங்கே இருக்கிறாள். முன்னே பால் சங்கத்தில் இருந்தவள். தோகுசோ மாடு வைத்திருந்த காலத்தில் அவர் பாலில் கொழுப்பு பார்த்துச் சொன்னவளும் அவள்தான். அப்போதும் அவர் நம்பியதில்லை. தளிரை நறுக்கி டப்பாவில் அடைத்து ஈயப் பெட்டிக்குள் வைத்தாள். அரைமணி நேரம் தேநீரும் ஊறுகாயும். பிறகு திரையைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஐயா, இது எங்க பறிச்சது?"

"மலையில. வேற எங்க, கடைவீதியிலயா?"

"மலையில எந்த இடம்?"

"பழைய மாட்டுத்தொழுவத்துக்கு மேல, சரிவுல."

"போன தடவை கொண்டுவந்தது?"

"அது தொழுவத்துக்குப் பின்னாலயே நிக்குற மரம். எதுக்குக் கேக்குற?"

"இதுல கதிர்வீச்சு கிலோவுக்கு ரெண்டாயிரம் பெக்கரலுக்குப் பக்கத்துல காட்டுது. விக்கறதுக்கு விதிச்ச வரம்பு நூறு."

"உன் மெஷின் செத்துப்போச்சு."

"இருங்க, பக்கத்து மெஷின்லயும் வைக்கிறேன்."

இன்னொரு அரைமணி. பக்கத்து மெஷினும் அதையே சொன்னது, கொஞ்சம் கூடக் குறைய.

தோகுசோவுக்குக் காரணம் சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை. சர்க்கார் ஆட்கள் வந்து வீட்டையும் தொழுவத்தையும் சுற்றி இருபது மீட்டருக்கு மண்ணைச் சுரண்டிக் கறுப்பு மூட்டையில் கட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு மேலே மலை மலையாகவே கிடக்கிறது. அந்த வருஷம் விழுந்தது இலைச்சருகோடு மக்கி, வேரோடு ஏறி, தளிருக்கு வந்திருக்கிறது. பின்னால் நிற்கிற மரம் சுரண்டிய மண்ணில் நிற்கிறது. மேலே நிற்பது சுரண்டாத மண்ணில். நடுவே ஒரு கல் எறிகிற தூரம்.

ஆனால் அவரை உறுத்தியது வேறொன்று. பின்னால் நிற்கிற மரத்தில் அளக்கக் கொடுத்தது போகத் தளிர் மிஞ்சவில்லை. அளந்ததோ பொடியாக நறுக்கினது. பொடியாக நறுக்கினதைப் பொரித்துத் தட்டில் வைத்து யாருக்குக் கொடுப்பது? அதை அவர் பெண்டாட்டி ஃபுசா மிசோ என்கிற சோயா விழுதோடு வதக்கினாள். அவரே சோற்றில் போட்டுத் தின்றார். தட்டுக்கு வேண்டிய முழுத்தளிரை மேல்சரிவில் ஏறிப் பறித்துவந்தார். அளந்ததைத் தான் தின்றுவிட்டு, அளக்காததை "அளந்தாச்சு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். கிஞ்சி வீட்டுக்கும், இன்னும் மூன்று வீட்டுக்கும்.

"சீட்டுல இருந்துதே, தென்படவில்லைன்னு" என்றார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"சீட்டு மலைக்குக் கொடுத்தது இல்ல, ஐயா. மரத்துக்கும் இல்ல. அந்த ஒரு டப்பாவுக்கு. அதுலயும் தென்படலைன்னா இல்லவே இல்லைன்னு அர்த்தம் இல்ல. ரொம்பக் குறைஞ்சு போச்சுன்னா இந்த மெஷின் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் சொல்றேன். எல்லாரும் சீட்டைப் பிடுங்கிட்டு ஓடறீங்க."

"சரி, விடு. ஏழு மாசக்காரி ஒருத்தி ஏழெட்டுத் தளிர் தின்னுட்டா. அவளுக்கு ஆபத்தா, இல்லையா? ஒரே வார்த்தை."

சினாமி கையுறையைக் கழற்றினாள். யார் என்று கேட்கவில்லை. அந்த ஊரில் ஏழு மாசக்காரி ஒருத்திதான்.

"ஏழெட்டுன்னா அம்பது கிராம்னு வைங்க. உள்ள போனது நூறு பெக்கரல் சுமாரு. மனுஷ உடம்புல பொறந்ததுலேர்ந்தே இயற்கையா நாலாயிரம் கிட்ட இருக்கு, சாப்பாட்டு வழியா வர்றது. அந்த நூறுங்கற வரம்பும் வருஷம் பூரா சாப்பிடறவங்களுக்காகப் போட்ட கணக்கு. ஒரு தட்டு ரொம்பச் சின்னது."

"அப்போ ஒண்ணும் ஆகாது."

"அப்படி நான் சொல்லல."

"ஆகுமா?"

"அப்படியும் சொல்லல. இவ்வளவு சின்ன அளவுல கெடுதல் வந்தா, மத்த ஆயிரம் காரணத்துல வர்றதுலேர்ந்து அதை யாராலயும் பிரிச்சுக் காட்ட முடியல. பிரிச்சுக் காட்ட முடியலங்கறதும் இல்லவே இல்லங்கறதும் ஒண்ணு இல்ல."

"மழை வருமான்னு கேட்டா மேகத்துக்கு ஜாதகம் கணிக்கிற. வெடிச்ச வருஷமும் இப்படித்தான் வழவழன்னு பேசினானுங்க. உனக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம்."

"அளக்கறதுக்குத்தான் ஐயா சம்பளம். சொல்றதுக்கு யாரும் தர்றதில்ல." அவள் குரல் உயரவில்லை. "என் பசங்க ரெண்டு பேரும் இந்த மலையடியில கீழூர்லதான் வளர்றாங்க. எனக்கும் ஒரே வார்த்தைதான் வேணும். இருந்தா உங்களுக்குத் தரமாட்டேனா?"

அவர் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். தளிர்ப் பையை அங்கேயே விட்டுவிட்டார்.

சின்ன லாரியில் உட்கார்ந்து சாவியைத் திருகாமல் இருந்தார். அவர் அறிந்த உலகத்தில் இரண்டு வார்த்தைதான் உண்டு. நல்லது, கெட்டது. நடுவில் நின்று பேசுகிறவன் ஏமாற்றுக்காரன். இந்தப் பெண் நடுவில்தான் நிற்கிறாள். ஆனால் ஏமாற்றுகிறவன் கேட்டது கிடைக்கும்படிப் பேசுவான். இவளோ அவர் கேட்டதைக் கொடுக்கவே மாட்டேன் என்கிறாள். அது அவருக்கு உறைத்தது, பிடிக்காமலே உறைத்தது.

கிஞ்சி காட்டுப்பன்றிக்காகப் போட்ட மின்வேலியில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். தோகுசோ லாரியை வரப்பில் நிறுத்திவிட்டு, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கிஞ்சி புல்வெட்டியை அணைத்தான்.

"சொல்லாதண்ணே."

"என்னது?"

"அவகிட்ட சொல்லாத. அந்தப் பொண்ணே சின்னதுன்னு சொல்லுதுல்ல? தின்னது தின்னாச்சு. வாந்தியா எடுக்கப்போறா? சொல்லி என்ன லாபம்?"

"தெரிஞ்சுக்க வேண்டியவ அவ."

"எட்டு வருஷம், அண்ணே. எட்டு வருஷம் கழிச்சு என் வீட்டு அடுப்புக்கு முன்னால உக்காந்து சாப்பிட்டா. ஆகஸ்டுல குழந்தையத் தூக்கிட்டு வர்றேன்னு நேத்துத்தான் அவ வாயாலயே சொன்னா. நீ போய் ரெண்டாயிரம், மூவாயிரம்னு ஆரம்பி, அவ இன்னிக்கே பெட்டியைக் கட்டுவா. அந்தப் புள்ளையோட முகத்தை நான் போன்லதான் பாக்கணும்."

"கட்டட்டும்."

"உனக்கென்ன, கட்டட்டும்ப. போறது உன் பொண்ணா?"

கிஞ்சி கிட்டே வந்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"சரி, சொல்லித்தான் தீருவேன்னா பாதியச் சொல்லு. கொஞ்சம் கூட இருந்துச்சு, பரவாயில்லன்னு சொன்னாங்கன்னு சொல்லு. அளந்தத நீ தின்னேங்கறத எதுக்குச் சொல்லணும்? கேக்கவே அசிங்கமா இருக்கு."

"பரவாயில்லன்னு அந்தப் பொண்ணு சொல்லல."

"கிட்டத்தட்ட அதானே."

"கிட்டத்தட்ட அதான்னுதான், கிஞ்சி, உன்னையும் என்னையும் அன்னிக்கு இங்க உக்கார வெச்சானுங்க. உன் பொண்ணு அப்போ பள்ளிக்கூடத்துப் பொண்ணு. வெடிச்சதுக்கப்புறம் பெஞ்ச மழையில சைக்கிள் ஓட்டிட்டுப் போனா. பாதியச் சொன்னவன் மேல நான் எட்டு வருஷமா காறித் துப்பிட்டிருக்கேன். இப்போ நானே பாதியச் சொன்னா எச்சிலை எங்க துப்புறது?"

கிஞ்சி புல்வெட்டியைக் கீழே போட்டான். "போ. போய்ச் சொல்லு. எவனையும் நம்பாதவன்னு பேர் வாங்கிட்டல்ல, இனி உன்னையும் ஒருத்தரும் நம்ப வேணாம்."

தோகுசோ நடந்தே போனார். நடக்கும்போது எப்படிச் சொல்வதென்று வாயில் போட்டு மென்றார். சினாமி சொன்னதை அப்படியே ஒப்பிக்க அவருக்கு வராது. பாதி வழியில் கோபம் வந்துவிடும். மாடு விற்ற காலம் ஞாபகம் வந்தது. ஊருக்குள்ளேயே கைமாறுகிற மாடென்றால், வாங்குகிறவன் "உதைக்குமா?" என்று கேட்பான். உதைக்கவே உதைக்காது என்றால் அன்றோடு பேர் போய்விடும். என் கையில் மூணு வருஷம், ஒரு தடவைகூட உதைக்கவில்லை, ஆனால் கன்று போட்டபிறகு எப்படி என்று பார்த்ததில்லை, உன் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் முதல் மாசம் கிட்டே விடாதே. இவ்வளவும் சொன்னால் மாடும் விலை போகும், மனுஷன் பேரும் நிற்கும். பார்த்தது இன்னது, பார்க்காதது இன்னது. அவர் ஆயுசு முழுக்க அப்படித்தான் பேசியிருக்கிறார். ஒரு தளிர்த்தட்டில் வந்து சறுக்கியிருக்கிறார்.

மிசுஹோ முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நேற்றுவரை துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்தினவள். அதைக் கண்டதும் அவர் கால் ஒரு கணம் நின்றது. பிறகு நடந்தார்.

"வாங்க பெரியப்பா. இன்னிக்கும் தட்டா?"

"உக்காரு. நேத்து உன்கிட்ட நான் சொன்னது தப்பு."

அவள் உட்காரவில்லை. கையிலிருந்த துணியைப் பிடித்தபடி நின்றாள்.

"நான் அளந்தது கீழ இருக்கற மரம். உனக்குக் கொடுத்தது மேல் சரிவு மரம். அத அளக்கல. இன்னிக்கு அளந்தேன். வரம்புக்கு இருபது மடங்கு இருக்கு."

துணியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் இன்னொரு கை தானாக வயிற்றுக்குப் போனது.

"இரு, முழுசாக் கேளு. இருபது மடங்குங்கறது நிஜம். நீ தின்னது ஒரு தட்டு, அதுவும் நிஜம். வரம்பு, தினம் தினம் திங்கறவங்களுக்குப் போட்டது. உன் உடம்புல எப்பவுமே இருக்கறதோட சேத்துப் பாத்தா இது நாப்பதுல ஒரு பங்குன்னு சினாமி கணக்கு வருது. ரொம்பச் சின்னதுங்கறா. ஒண்ணுமே ஆகாதுன்னு சொல்லுன்னு கேட்டேன். சொல்லமாட்டேன்னுட்டா. ஆகும்னும் சொல்லல. இவ்வளவு சின்னதுல என்ன ஆகும்னு உலகத்துல ஒருத்தனுக்கும் திட்டமாத் தெரியாதாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதுக்கு மேல நான் எது சொன்னாலும் என் கைச்சரக்கு."

"கீழ் மரத்துத் தளிர் என்னாச்சு? அளந்தது?"

கேள்வி நேராக அங்கேதான் வந்து விழுந்தது. வாசலில் கிஞ்சி வந்து நிற்பது தோகுசோவுக்குத் தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"நான் தின்னேன்" என்றார் தோகுசோ.

மிசுஹோ சிரித்தாள். நேற்றைய சிரிப்பு இல்லை அது. "நல்லா இருக்கு. எண்பது வயசுக்கு அளந்து சாப்பிட்டீங்க. வயித்துல இருக்கறதுக்கு அளக்காம கொடுத்தீங்க."

"ஆமா."

"வேணும்னு செய்யல அவரு" என்றான் கிஞ்சி.

"வேணும்னு செஞ்சாருன்னு நான் சொன்னேனா, அப்பா? உங்களுக்கு எப்போ தெரியும்?"

கிஞ்சி காலணியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினான்.

"அப்பா."

"இப்பத்தான். வேலிகிட்ட சொன்னாரு. நான்தான் சொல்ல வேணாம்னேன்."

அவள் ரொம்ப நேரம் அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியைக் கூடையில் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். தோகுசோவும் படியோரம் உட்கார்ந்தார்.

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க பெரியப்பா?"

"எனக்கு இந்த மாசத்தோட எழுபத்தொம்பது. என் பதில் உனக்கு உதவாது. கேட்டதால சொல்றேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா உனக்குக் கொடுத்திருக்கமாட்டேன். தின்னாச்சுங்கறதுக்காக ராத்தூக்கத்தக் கெடுத்துக்கமாட்டேன். இனிமே அளக்காதத எவன் கொடுத்தாலும், நான் கொடுத்தாலும், வாங்கமாட்டேன். டவுன் ஆஸ்பத்திரியில ஆளையே அளக்கற மெஷின் இருக்காம். போகணும்னா வண்டி எடுக்கறேன்."

"அதுல அளந்தா தெரிஞ்சுடுமா?"

"எவ்வளவு இருக்குன்னு தெரியும். என்ன ஆகும்னு அதுக்கும் தெரியாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, கோபமா என்று சொல்லமுடியாது. "இப்படி ஒருத்தர் பேசி நான் கேட்டதே இல்ல" என்றாள். "நான் பள்ளிக்கூடத்துல இருந்தப்போ மேடையில ஒருத்தர் வந்து சிரிச்சுக்கிட்டே இருந்தா ஒண்ணும் வராதுன்னு சொன்னாரு. செந்தாய்ல என் பக்கத்து வீட்டுக்காரி நான் ஃபுகுஷிமான்னதும் தன் குழந்தைய என் பக்கத்துலேர்ந்து தூக்கி மடியில வெச்சுக்கிட்டா. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேருக்கும் எவ்வளவு நிச்சயம்."

கிஞ்சிக்குப் பொறுக்கவில்லை.

"ஆகஸ்டுல…" என்று ஆரம்பித்தான்.

"இப்போ கேக்காதீங்க, அப்பா."

"வருவேன்னு ஒரு வார்த்தை…"

"எனக்கே தெரியல. தெரிஞ்சமாதிரி சொல்லணுமா?"

கிஞ்சி தோகுசோவைப் பார்த்தான், நீயாவது ஏதாவது சொல்லேன் என்பதுபோல்.

"தெரியலங்கறா. இன்னிக்கு அவகிட்ட இருக்கறது அதுதான்" என்றார் தோகுசோ. "வாங்கி வெச்சுக்கோ. இல்லாததப் பிடுங்காத."

அவர் எழுந்தார். முழங்கால் சத்தம் போட்டது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மிசுஹோ.

"இன்னும் மூணு வீடு இருக்கு."

"அங்க எல்லாரும் வயசானவங்கதானே."

"வயசானா பொய் சொல்லலாம்னு இருக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு நாளைக்குக் காலையில போகலாம். அப்பா வண்டி ஓட்டட்டும், நீங்களும் வாங்க. டாக்டர் சிரிச்சுப் பேசினா நீங்க பக்கத்துல உக்காந்திருக்கணும்." கூடையை இழுத்துக்கொண்டாள். "அப்புறம், பெரியப்பா, அந்தக் கீழ் மரத்துக் கதையையும் விடாம சொல்லுங்க."

"விடமாட்டேன்."

மேட்டு வீட்டுக்காரி தட்டைக் கழுவி, வெறுந்தட்டாகத் திருப்பக்கூடாதென்று நாலு முள்ளங்கி ஊறுகாய் வைத்து, வாசலிலேயே காத்திருந்தாள். தூரத்திலேயே அவரைக் கண்டுவிட்டுக் கையை ஆட்டினாள். "நானே வரணும்னு இருந்தேன். என்ன ருசி, என்ன ருசி. தங்கச்சிக்கும் பாதி அனுப்பிட்டேன், அளந்ததுன்னு சொல்லி."

தோகுசோ தட்டை வாங்கவில்லை.

"தங்கச்சிக்கு போன் போடு" என்றார். "ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்றேன்."